குமிழில் எழுதியிருப்பது தோட்டாவைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையில் காட்டுப்பன்றி சுடுகிறவர்களைப் பற்றி உங்கள் கோவைப் பதிப்பில் போன ஞாயிறன்று வந்த கட்டுரையைப் படித்தேன். கடலை போட்டவர்கள் ராத்திரி முழுக்க டார்ச்சும் தகர டப்பாவுமாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பதை உங்கள் நிருபர் நேரில் வந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் கட்டம் கட்டி 'ஸ்கோப்பைச் சரிசெய்வது எப்படி' என்று, குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கியைப் பற்றி ஒரு குறிப்பு போட்டிருந்தீர்களே, அதைத்தான் விட மனம் வரவில்லை. அதில் இருந்தது மூன்றே யோசனை, மூன்றும் தப்பு. வேறு விஷயமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். எங்கள் பக்கம் ஒரு தோப்பு முடிகிற இடத்தில் அடுத்தவர் வீடு ஆரம்பிக்கிறது. தோட்டா எங்கே போகிறது என்பது சுடுகிறவர் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமில்லை.

நான் ராணுவத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி மெக்கானிக்காக இருந்தவன். சுடுவது என் வேலை இல்லை. மற்றவர்கள் சுட்டும் கீழே போட்டும் கெடுத்ததைச் சரிசெய்து கொடுப்பதுதான் வேலை. ஓய்வுபெற்றுக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபிறகும் அது என்னை விடவில்லை. எருத்தேம்பதி, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கமிருந்து லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்துவிடுவார்கள். அவர்கள் கொண்டுவரும் ஸ்கோப்புகளில் பாதிக்கு மேல் அப்பா காலத்துச் சரக்கு. உங்கள் குறிப்பு புது ஸ்கோப்பைப் பற்றியது என்று நீங்கள் சொல்லலாம். புது ஸ்கோப்புக்கும் அது தப்புதான்.

முதல் யோசனை: "மேல் குமிழை யூ.பி. என்ற பக்கம் திருகினால் உள்ளே தெரியும் குறுக்குக் கம்பி மேலே போகும்." போகாது. கீழே போகும். குமிழில் இருக்கிற அம்புக்குறியும் எழுத்தும் கம்பியைப் பற்றியவை அல்ல, தோட்டா விழும் இடத்தைப் பற்றியவை. யூ.பி. (UP, மேலே) பக்கம் திருகினால் தோட்டா முன்பைவிட மேலே விழும். பக்கவாட்டுக் குமிழை ஆர் (R, வலது) பக்கம் திருகினால் வலது பக்கம் விழும். அதற்காகக் கம்பி எதிர்ப்பக்கம் நகர்ந்தாக வேண்டும்.

இது வாயால் சொன்னால் குழப்பும், செய்து பார்த்தால் ஒரு நிமிஷம். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை உருவி எடுத்துவிடுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டைகளில் அசையாமல் கிடத்துங்கள். இலக்கு அட்டையில் முன்பு எந்தப் புள்ளியைக் குறிவைத்துச் சுட்டீர்களோ அதில் கம்பியை நிறுத்துங்கள். தோட்டா அதற்கு ஒரு சாண் கீழே ஓட்டை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒருவர் துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்கோப் வழியே பார்க்க வேண்டும், இன்னொருவர் மேல் குமிழை யூ.பி. பக்கம் திருக வேண்டும். கம்பி புள்ளியை விட்டு இறங்கி இறங்கி அந்த ஓட்டையை நோக்கி வருவது தெரியும். ஓட்டையின் மேல் வந்து நின்றதும் திருகுவதை நிறுத்திவிடுங்கள். தோட்டா போகிற இடத்துக்குக் கம்பியைக் கொண்டுபோய்விட்டீர்கள், அவ்வளவுதான் விஷயம். அடுத்த தடவை அந்தக் கம்பியைப் புள்ளிக்குத் தூக்கினால் துப்பாக்கிக் குழலும் கூடவே தூக்கும். இரண்டே தோட்டாவில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். தோட்டா விற்கிற விலைக்கு இது பெரிய விஷயம்.

பழைய ஜெர்மன், ஆஸ்திரிய ஸ்கோப்புகளில் யூ.பி. இருக்காது. ஹெச் என்றால் மேலே, டி என்றால் கீழே, எல் இடது, ஆர் வலது. அவையும் தோட்டாவைச் சொல்வதே.

அடுத்தது கிளிக் கணக்கு. குமிழைத் திருகும்போது சத்தத்தோடு நகர்கிற ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். "ஒரு கிளிக் கால் அங்குலம்" என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை தூரத்தில்? கிளிக் என்பது நீளம் இல்லை, கோணம். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு மினிட். அந்த ஒரு மினிட் 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு முடி அளவு கூட, 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். குமிழில் கால் மினிட் என்று போட்டிருந்தால் ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சொச்சம் நகரும். 50 மீட்டரில் அதில் பாதி, 25 மீட்டரில் கால்வாசி, 2 மில்லிமீட்டர்கூட வராது. எங்கள் ஊரில் பன்றியைச் சுடுவது முப்பது, நாற்பது மீட்டரில். 50 மீட்டரில் அட்டை வைத்துச் சுட்டு, 9 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் 25 கிளிக் வேண்டும். உங்கள் கணக்குப்படி போனால் 14 கிளிக்கோடு நிறுத்திவிட்டு "ஸ்கோப் பிடிக்கல" என்று சொல்வார்கள். என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

அதுவும் கால் மினிட் என்பது எல்லாவற்றுக்கும் பொது இல்லை. அரை மினிட் கிளிக் உண்டு, இலக்குப் போட்டிக்கென்று செய்த ஸ்கோப்புகளில் மினிட்டில் எட்டில் ஒரு பங்கு உண்டு. ஐரோப்பியச் சரக்கில் பெரும்பாலும் 100 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் மாட்டிய நம்பர் 32 ஸ்கோப்பை என் தலைமுறை ஆர்மரர்களுக்குத் தெரியும். அதன் முதல் மாடலில் பக்கவாட்டுக் குமிழ் ஒரு கிளிக் போட்டால் இரண்டு மினிட் நகரும், 100 கெஜத்தில் இரண்டு அங்குலம். அடுத்த மாடலில் அதை ஒரு மினிட்டாகக் குறைத்தார்கள். கிளிக்கே இல்லாமல் வழவழவென்று சுற்றுகிற பழைய ஸ்கோப்புகளும் இருக்கின்றன. அவற்றில் வட்டத்தைச் சுற்றிப் போட்ட கோடுகளை எண்ண வேண்டியதுதான். மூடியைக் கழற்றினால் உள்ளே பொடி எழுத்தில் அளவு போட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு அப்புறம் திருகுங்கள்.

நம்பர் 32-ஐ எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் டிரம்மில், அதாவது மேல் குமிழின் வட்டத்தில் இருப்பது மினிட் இல்லை, கெஜம். ஆயிரம் கெஜம் வரை போட்டிருக்கும். டிராகுனோவ் என்ற ரஷ்ய ரைஃபிளில் வருகிற பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப்பிலும் அப்படித்தான், மேலே 1 முதல் 10 வரை, நூறு மீட்டர் கணக்கு. இந்த எண்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காகவே வெட்டப்பட்டவை. நம்பர் 32-இன் டிரம் .303 தோட்டா எவ்வளவு தூரத்தில் எவ்வளவு இறங்கும் என்பதைப் பார்த்து வெட்டியது. அதைக் கழற்றி வேறு ரைஃபிளில் மாட்டினால் 300 என்ற எண் வெறும் அலங்காரம். நெல்லியாம்பதி எஸ்டேட் குடும்பம் ஒன்றிலிருந்து கை மாறி வந்த ஒரு ஜெர்மன் ஸ்கோப்பை வைத்திருந்தவர், டிரம்மில் இருந்த 1, 2, 3, 4 எல்லாம் கிட்டே காட்டுகிற அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தார். "நாலுல வச்சாலும் பெருசா தெரியல அண்ணா" என்றார். நாலு என்றால் நானூறு மீட்டர், அதில் வைத்தே சுட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார். பன்றி எதுவும் விழவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

இனி மூன்றாவது யோசனை: "குறுக்குக் கம்பி நடுவில் இல்லாவிட்டால் ஸ்கோப் பழுது, மாற்றிவிடவும்." இதைக் கடைக்காரர் சொன்னால் புரிகிறது, பத்திரிகை சொல்லலாமா? இன்றைய ஸ்கோப்பில் கம்பி எப்போதும் நடுவிலேயே தெரியும்படி உள்குழாயையே சாய்த்து வேலை செய்கிறார்கள். பழைய ஸ்கோப் பலவற்றில் கம்பி மட்டும்தான் நகரும். நிறையத் திருகினால் அது ஓரத்துக்குப் போய் நிற்பது கண்ணுக்குத் தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கோளாறு இல்லை. அதற்கு மருந்து ஸ்கோப்பில் கிடையாது, ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்டில் இருக்கிறது. பழைய ஐரோப்பிய ஸ்கோப்புகள் சிலவற்றில் பக்கவாட்டுக் குமிழே இருக்காது. இடது வலது சரிசெய்வது முழுக்க மவுண்டின் பக்கத் திருகுகளில். அந்தத் திருகுகளால் கம்பியை ஏறக்குறைய நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மிச்சம் இருக்கிற பொடி வேலைக்கு மட்டும் குமிழைத் தொட வேண்டும்.

உண்மையான பழுது எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் .315 ரைஃபிள், அதன்மேல் பழைய ஜப்பான் ஸ்கோப். ஒரு கடையில் காட்டியிருக்கிறார், போச்சு என்று சொல்லிப் புதுசுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கொண்டுவந்தார். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளைப் பெரிதாக ஒட்டி 25 மீட்டரில் சுவரில் வைத்தேன். ரைஃபிளை மரவேலை வைஸில் துணி சுற்றி இறுக்கினேன். வலது 20 கிளிக், மேலே 20, இடது 20, கீழே 20. நல்ல ஸ்கோப்பாக இருந்தால் கம்பி ஒரு சதுரம் போட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கும், ஒவ்வொரு பக்கமும் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு தோட்டாகூடச் செலவில்லை. இதில் இடது வலது ஒழுங்காகப் போனது. யூ.பி. பக்கம் திருகும்போது மட்டும் கிளிக் சத்தம் கேட்கிறது, கம்பி நகரவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் குமிழை லேசாகத் தட்டினேன். துள்ளி வந்து நின்றது.

காரணம் எளிது. மேல் குமிழின் திருகு உள்ளே இருக்கும் குழாயை ஒரு பக்கமிருந்து அழுத்துகிறது, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் திருப்பி அழுத்துகிறது. திருகு உள்ளே போகும்போது குழாய் நகர்ந்தே தீர வேண்டும், வேறு வழியில்லை. திருகு வெளியே வரும்போது ஸ்பிரிங்தான் குழாயைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். முப்பது நாற்பது வருஷத்து கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. குழாய் அங்கேயே தொங்கும். அப்புறம் சுடும்போது வருகிற உதையில் குலுங்கி, ஒரு தோட்டா கழித்தோ இரண்டு தோட்டா கழித்தோ வந்து சேரும். சுட்டவருக்கு ஒன்றும் புரியாது. திருகினபோது நகராத குறி, திருகாதபோது நகர்கிறது. ஸ்கோப்புக்குப் பேய் பிடித்துவிட்டது என்பார்.

அந்த ஸ்கோப்பின் இரண்டு குமிழையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கடைசியில் முட்டுமிடத்தில் பலம் கொடுக்காமல், பல தடவை ஓட்டினேன். கிரீஸ் இளகிவிட்டது. மறுபடி கட்டத்தாளில் சதுரம் போட்டுப் பார்த்தபோது ஒழுங்காக வந்து நின்றது. இனி யூ.பி. பக்கம் திருகும்போதெல்லாம் வேண்டியதைவிடப் பத்துப் பன்னிரண்டு கிளிக் அதிகம் போய்விட்டு, வேண்டிய இடத்துக்குத் திரும்பி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் செய்தால் கடைசி அசைவு திருகின் அழுத்தமாக இருக்கும், ஸ்பிரிங்கை நம்ப வேண்டியதில்லை. திருகின பிறகு ஒரு தட்டும் தட்டலாம். பெரும்பாலான அமெரிக்க, ஜப்பான் ஸ்கோப்புகளில் யூ.பி. என்பது திருகு வெளியே வருகிற பக்கம். உங்களுடையது எப்படி என்று அம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். உள்ளே எண்ணெய் விடலாம் என்று குமிழையே மரையோடு கழற்றாதீர்கள். எண்ணெய் லென்ஸில் ஏறும். பழைய வாஷர் ஒருமுறை உடைந்தால் திரும்ப உட்காராது, ஆனி ஆடி ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சை பிடித்துவிடும். அதற்கப்புறம் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

இனி உங்கள் படம். அதில் இருக்கும் ரைஃபிளில் ஸ்கோப் கால் சுற்றுத் திரும்பி மாட்டியிருக்கிறது. வலது பக்கம் இருக்க வேண்டிய குமிழ் மேலே இருக்கிறது, மேலே இருக்க வேண்டியது இடது பக்கம். பிளஸ் கம்பி எப்படித் திருப்பினாலும் பிளஸ்தான் என்பதால் வைத்திருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் மேல் குமிழை ஆர் பக்கம் திருகினால் தோட்டா வலது போகாது, மேலே ஏறும். இடது பக்கக் குமிழை யூ.பி. என்று திருகினால் இடது பக்கம் ஓடும். உங்கள் குறிப்பையும் படித்துவிட்டு இதையும் திருகினால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பதிலாகக் கீழே ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக முள் இருக்கிற ஜெர்மன் மூன்று முள் கம்பியாக இருந்தால் கீழே நிற்க வேண்டிய முள் வலது பக்கம் படுத்திருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வீட்டுப் பின்னால் பத்து மீட்டரில் தேங்காய் மட்டையைக் குத்திவைத்து ஜீரோ பார்க்கிற, அதாவது குறியும் தோட்டாவும் ஒத்துப்போகிறதா என்று சுட்டுப் பார்க்கிற பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டப்படி அது சரியா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்கோப் துப்பாக்கிக் குழலுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் 50 மீட்டருக்குச் சரியாக இருக்கிற ரைஃபிள்கூடப் பத்து மீட்டரில் கீழேதான் அடிக்கும், அது இயற்கை. அதைப் பார்த்துவிட்டு ஒரு அங்குலம் தூக்கலாம் என்று சுமார் 35 கிளிக் திருகினால் 100 மீட்டரில் பத்து அங்குலம் கூடுதலாக மேலே போகும். பன்றியின் முதுகுக்கு மேலே போய் எங்கே இறங்கும்?

2022 மே மாதம் கேரள அமைச்சரவை, காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது. எங்களுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு. அங்கே 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். பன்றிக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் தெரியாது, அது இரண்டு பக்கமும் கடலை தின்கிறது. எந்த முறை நல்லது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. கேரளத்துப் பட்டியலில் லைசென்ஸைப் பார்க்கிறார்கள், ஆளைப் பார்க்கிறார்கள். துப்பாக்கி எங்கே அடிக்கிறது என்பதை எங்கள் பக்கம் யாரும் பார்த்து நான் பார்க்கவில்லை. இரட்டைக்குழல் 12 போர் ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ரைஃபிளும் பழைய ஸ்கோப்பும் வைத்திருக்கிற சிலருக்குத்தான்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது உண்டு. ஒரு ஸ்டேஷனில் ஸ்கோப் மாட்டிய ரைஃபிள்களை விறகு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். திரும்பி வருகிறபோது குறி அதே இடத்தில் இருந்தால்தான் ஆச்சரியம். ஒப்படைக்கும் முன் மூடியைக் கழற்றி இரண்டு குமிழும் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது திருகிப் பார்த்திருந்தால் தெரிந்துவிடும். அடி பட்டிருந்தால் படத்தில் தெரியாது, அட்டையில்தான் தெரியும். அதனால் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் நான் கேட்பது இது: உத்தரவு போடும் முன் பட்டியலில் இருப்பவர்களை முறையான ரேஞ்ச் ஒன்றுக்கு அழைத்துப்போய், 50 மீட்டரில் ஆளுக்கு மூன்று தோட்டா சுட வைத்து அட்டையை வாங்கி ஃபைலில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் ஒருமுறை. செலவு அதிகம் ஆகாது. ரேஞ்சில் குமிழைத் திருகிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

காற்றுக்காகப் பக்கக் குமிழைத் திருகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனையை வளைக்கிறது, உண்மை. ஆனால் நாற்பது மீட்டரில் அது தோட்டாவை நகர்த்துவது சொல்லும்படி இருக்காது. தொடாதீர்கள். ஒருமுறை தொட்டால் திருப்பி வைக்க மறந்துவிடுவீர்கள்.

திருத்தம் போடுவதாக இருந்தால் அதே ஞாயிறு பக்கத்தில் போடுங்கள், உள்ளே ஏதோ மூலையில் வேண்டாம். படமும் போடுங்கள். மூடி போட்ட குமிழைப் போட்டால் யாருக்கும் பயன் இல்லை. மூடியைக் கழற்றி, அம்புக்குறியும் அளவும் தெரிகிற மாதிரி, ஐம்பது பைசாக் காசு நுழைகிற அந்தப் பள்ளத்தோடு கிட்டத்தில் எடுத்த படமாக இருக்கட்டும். எடுக்க ஸ்கோப் கிடைக்கவில்லை என்றால் உங்கள் நிருபரை இங்கே அனுப்புங்கள், என் மேஜையில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (ஆர்மரர்),
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்